மில்-53 படிகமும் ஸிஃப்-62 கண்ணாடியும்: கூட்டுப்பொருள் பிசகினால் அறிகுறிவாரியாகப் பார்க்க வேண்டியவை

உலோக அயனிகளைக் கரிம இணைப்பு மூலக்கூறுகள் கோத்து உருவாகும், துளைகள் நிறைந்த உலோக-கரிமச் சட்டகப் படிகங்களைத் தூளாகத் தயாரிப்பது இன்று பல வேதியியல் ஆய்வகங்களில் பழகிப்போன வேலை. சுசுமு கிட்டகாவா, ரிச்சர்ட் ராப்சன், ஓமர் யாகி ஆகிய மூவருக்கும் 2025ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றுத் தந்த துறை இது. ஆனாலும் தூள் தூள்தான். வாயு ஓட்டத்தில் பறக்கும், குழாயை அடைக்கும், தானாக ஒரு மென்படலமாக நிற்காது. இதற்கு ஒரு தீர்வாக, ஒரு சட்டகத்தின் படிகத்தை இன்னொரு சட்டகத்தின் கண்ணாடிக்குள் பதித்துக் கூட்டுப்பொருளாக்கிவிடலாம் என்று ஜிங்வெய் ஹூ, தாமஸ் பென்னட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2019இல் காட்டினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட இணை, அலுமினியமும் டெரெப்தாலிக் அமிலமும் சேர்ந்த மில்-53 படிகமும், துத்தநாகத்தோடு இமிடசோலும் பென்சிமிடசோலும் சேர்ந்த ஸிஃப்-62 கண்ணாடியும் ஆகும். இன்றும் இத்துறைக்குள் நுழைபவர்கள் கைபழகுவதற்கு ஏற்ற இணை அதுவே என்பது என் கருத்து. ஆகவே இந்த வழிமுறையை அதைச் சுற்றியே அமைத்திருக்கிறேன்.

செய்முறை கேட்பதற்கு எளியது. இரண்டு தூள்களையும் கலந்து, வில்லையாக அழுத்தி, ஆர்கான் ஓட்டத்தில் ஏறத்தாழ 450 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, சிறிது நேரம் நிறுத்திவைத்துக் குளிர்விக்க வேண்டும். ஸிஃப்-62 சுமார் 435 டிகிரியில் உருகுகிறது. குளிரும்போது மீண்டும் படிகமாகாமல், 320 டிகிரியை ஒட்டிக் கண்ணாடியாக உறைகிறது. மில்-53 ஏறத்தாழ 500 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். அதாவது, ஒன்று உருக வேண்டும், மற்றொன்று சிதையக் கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்து நமக்கு விட்டுவைப்பது ஐம்பது, அறுபது டிகிரி அகலமுள்ள ஒரு சந்து மட்டுமே. இந்தச் சந்து குறுகியது என்பதாலேயே, ஏதாவது குறை கண்டவுடன் உலையின் வெப்பநிலையைப் பத்து டிகிரி கூட்டியோ குறைத்தோ பார்க்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அந்தப் பழக்கத்தைத்தான் முதலில் விட வேண்டும். ஒரே அறிகுறிக்கு நேரெதிரான காரணங்கள் இருக்கக்கூடும், தவறான திசையில் வைத்த பத்து டிகிரி மாதிரியையும் கெடுத்து, கெட்டதற்கான தடயத்தையும் அழித்துவிடும்.

அதற்குப் பதிலாக, ஒவ்வொரு முறையும் கூட்டுப்பொருள் வில்லையோடு மூன்று ஒப்பீட்டு மாதிரிகளையும் தயார் செய்யுங்கள். தனி ஸிஃப்-62 தூளை அதே அளவு அரைத்து, அதே அழுத்தத்தில் அழுத்தி, அதே படகில் (உலைக்குள் மாதிரி வைக்கும் சிறு தட்டு) வைத்துச் சூடாக்கியது ஒன்று. தனி மில்-53 தூளை அவ்வாறே செய்தது இன்னொன்று. கலந்து அழுத்தி, சூடாக்காமலே எடுத்துவைத்த வில்லை மூன்றாவது. கீழே வரும் எந்த அறிகுறியையும் இந்த மூன்றும் இல்லாமல் உறுதியாகப் படிக்க முடியாது. இவற்றைச் செய்ய ஒரு நாள் கூடுதலாகும். செய்யாமல் விட்டால், காரணம் தேடுவதிலேயே பல வாரங்கள் கழிந்துவிடும்.

வில்லை ஒட்டவில்லை, விரலால் தேய்த்தால் உதிர்கிறது

முதலில் ஒப்பீட்டு ஸிஃப்-62 வில்லையைப் பாருங்கள். அது பளபளப்பான, உடைத்தால் சங்கு வளைவாக முறியும் கண்ணாடியாக மாறியிருந்தால், உலை குற்றவாளி அல்ல. அதுவும் உதிர்ந்தால், வில்லை இருந்த இடத்தில் உண்மையில் என்ன வெப்பநிலை நிலவியது என்பதை அறிய வேண்டும். குழாய் உலையின் காட்டித் திரையில் தெரியும் எண், வெப்பத்தை உணரும் வெப்பமின்னிரட்டை இருக்கும் இடத்தின் எண். வில்லை அங்கிருந்து சில சென்டிமீட்டர் தள்ளியிருந்தாலே கணிசமான வேறுபாடு வரலாம், ஆர்கான் ஓட்டம் வேகமாக இருந்தால் அது இன்னும் கூடும். இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. தூய துத்தநாகம் 419.5 டிகிரியில் உருகும். நம் சந்துக்கு இவ்வளவு பக்கத்தில் வேறொரு மலிவான அளவுகோல் கிடைக்காது. மாதிரி எதுவும் இல்லாத தனி ஓட்டமாக, சிறு துத்தநாகத் துண்டை வில்லை இருக்கும் அதே இடத்தில் வைத்து, காட்டியில் 415, 420, 425 என்று படிப்படியாக ஏற்றி, எந்த எண்ணில் அது உருண்டையாகிறது என்று பார்த்துவிட்டால், உங்கள் உலையின் பிழை எத்தனை டிகிரி என்பது தெரிந்துவிடும்.

உலை சரியாக இருந்தும் ஒப்பீட்டு வில்லை உருகவில்லை என்றால், ஸிஃப்-62இன் இயைபையே சந்தேகிக்க வேண்டும். இமிடசோலுக்கும் பென்சிமிடசோலுக்கும் உள்ள விகிதம் மாறினால் உருகுநிலையும் மாறும். ஜெர்மனியின் டார்ட்மண்டில் செபாஸ்டியன் ஹெங்கே குழுவினர் இந்த விகிதத்தை மாற்றியே உருகுநிலையைச் சுமார் 370 டிகிரி வரை இறக்கிக் காட்டியிருக்கிறார்கள். ஆகவே வினைக்கலனில் என்ன விகிதத்தில் போட்டீர்கள் என்பது போதாது, படிகத்துக்குள் என்ன விகிதத்தில் சேர்ந்தது என்பதே கணக்கு. சிறிதளவு தூளை அமிலம் கலந்த டியூட்டீரியக் கரைப்பானில் கரைத்து புரோட்டான் என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) நிறமாலை எடுத்தால் அது நேரடியாகத் தெரியும். ஒவ்வொரு புதிய தொகுதிக்கும் இதைச் செய்துவிடுவது நல்லது.

ஒப்பீட்டு வில்லை அழகாக உருகி, கூட்டுப்பொருள் மட்டும் உதிர்கிறது என்றால் காரணம் வேறு. ஸிஃப்-62 உருகிய உடனே தண்ணீர்போல் ஓடிவிடுவதில்லை. உருகுநிலையை ஒட்டி அதன் பாகுநிலை ஏறத்தாழ ஒரு லட்சம் பாஸ்கல் நொடி என்று அளக்கப்பட்டிருக்கிறது. கடலைமிட்டாய்க்குப் பாகு இறுகிப்போனால் கடலையைச் சுற்றி ஓடாமல் திரண்டு நிற்பதைப் போல, இந்தத் திரவமும் படிகத் துகள்களுக்கிடையே தானாகப் பரவ மிகவும் சுணங்கும். எனவே கலவை நெருக்கமாக இருக்க வேண்டும், துகள்கள் நுண்மையாக இருக்க வேண்டும், வில்லை தளர்வாக இருக்கக் கூடாது. படிகத்தின் பங்கு கூடக்கூட, அதைச் சுற்றிப் பிடிக்கும் கண்ணாடி குறைகிறது. முதல் முயற்சிக்கு எடையில் நான்கில் ஒரு பங்கு படிகம் என்று வைத்துக்கொண்டு, அது நன்றாக வந்தபின் மேலே போங்கள். வில்லையின் மேல் தட்டையான அலுமினாத் துண்டு ஒன்றை வைத்துச் சூடாக்குவதும் உதவும்.

குமிழ்கள், நுரை, உப்பிய வில்லை

ஏதோ ஒரு வாயு உருகிய திரவத்துக்குள்ளிருந்து வெளியேற முயன்று, அந்தத் திரவத்தின் கெட்டித்தன்மையால் சிறைப்பட்டிருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்பதே கேள்வி. பெரும்பாலும் விடை மூன்றில் ஒன்று.

ஸிஃப்-62இன் துளைகளில் தங்கிவிட்ட டைமெத்தில்ஃபார்மமைடு முதலாவது. இந்தக் கரைப்பானின் கொதிநிலை 153 டிகிரிதான் என்றாலும், குறுகிய துளைக்குள் மாட்டியது அதற்கு மிக அதிகமான வெப்பநிலை வரை வெளியே வராது. டைகுளோரோமீத்தேனால் பலமுறை கழுவி, வெற்றிடத்தில் 170 டிகிரியை ஒட்டி நீண்ட நேரம் வைத்து வெளியேற்ற வேண்டும். முடிந்ததா என்பதை நாள்கணக்கால் முடிவுசெய்யாதீர்கள். டிஜிஏ என்று ஆய்வகத்தில் சொல்லப்படும் வெப்ப எடையறி பகுப்பாய்வில் 200 முதல் 350 டிகிரி வரை எடைக்கோடு தட்டையாக இருந்தால்தான் முடிந்தது. டைமெத்தில்ஃபார்மமைடு நச்சு, சூட்டில் சிதைந்தால் டைமெத்தில் அமீனைத் தரும். உலையின் வெளியேற்றக் குழாய் புகைபோக்கி அறைக்குள்தான் போக வேண்டும்.

மில்-53இன் கால்வாய்களில் எஞ்சிய டெரெப்தாலிக் அமிலம் இரண்டாவது. தயாரித்த கையோடு இருக்கும் மில்-53இல் வினைபுரியாத அமிலம் துளைகளை நிரப்பியிருக்கும். அதை வெளியேற்ற, 2004இல் இந்தப் பொருளை விவரித்த வெர்சாய் ஆய்வாளர்களே காற்றில் 330 டிகிரியில் மூன்று நாள்கள் சூடாக்க வேண்டியிருந்தது. அவசரப்பட்டு ஒரே இரவில் முடித்த தொகுதிகள்தான் நுரைக்கின்றன. அகச்சிவப்பு நிறமாலையில் 1700 செ.மீ.⁻¹ அருகே கட்டற்ற அமிலத்தின் பட்டை சிறிதளவு தெரிந்தாலும் மீண்டும் உலைக்கு அனுப்புங்கள். இந்த அமிலம் உயரும் வெப்பத்தில் பதங்கமாவதோடு நிற்காது, துத்தநாகத்தோடு இமிடசோல் கொண்ட பிணைப்பையும் தாக்கக்கூடும்.

மூன்றாவது, வெறும் ஈரம். மில்-53 அறைக் காற்றில் திறந்திருந்தாலே நீரை உறிஞ்சிக்கொள்ளும். அழுத்திய வில்லையை 120 டிகிரியில் வெற்றிடத்தில் உலர்த்திவிட்டு உடனே உலைக்குள் வைத்தால் போதும்.

நிறம் கருக்கிறது

ஸிஃப்-62 கண்ணாடி இலேசான மஞ்சள் அல்லது பழுப்புச் சாயலோடு வருவது இயல்பு, அதற்காகக் கவலைப்பட வேண்டாம். வில்லையை நடுவில் உடைத்து வெட்டுமுகத்தைப் பாருங்கள். வெளிப்புறம் மட்டும் கருத்து உள்ளே வெளுப்பாக இருந்தால் ஆக்சிஜன் புகுந்திருக்கிறது. குழாயின் இணைப்பு வளையங்களையும், சூடாக்கும் முன் ஆர்கானால் குழாயைத் துப்புரவாக்கிய நேரத்தையும் சரிபாருங்கள். வெட்டுமுகம் முழுவதும் சீராகக் கருத்திருந்தால் வெப்பமோ நேரமோ மிகுந்துவிட்டது. அங்கங்கே கரும்புள்ளிகள் என்றால் அது அரைக்கும் குடுவையின் எஃகுத் தேய்மானமாக இருக்கலாம்.

வெப்பம் மிகுந்ததா என்று தீர்மானிக்கும்போது ஒரு பொதுவான தவறு நிகழ்கிறது. நிமிடத்துக்குப் பத்து டிகிரி வீதம் ஏற்றிய டிஜிஏ கோட்டைப் பார்த்து, எடை இழப்பு தொடங்கும் புள்ளிக்குக் கீழே எல்லாமே பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஏறிக்கொண்டே போகும் ஓட்டத்தில் பொருள் எந்த வெப்பநிலையிலும் சில நொடிகளே இருக்கிறது, ஆகவே அந்தக் கோடு பொருளின் உறுதியை மிகையாகவே காட்டும். நீங்கள் உலையில் நிறுத்தும் அதே வெப்பநிலையில், அதே வாயுவில், அதே நேரத்தின் இரு மடங்குக்கு எடையைத் தொடர்ந்து பதிவுசெய்யுங்கள். கோடு கீழ்நோக்கிச் சாய்ந்துகொண்டே போனால், சிதைவு நடந்துகொண்டிருக்கிறது.

கண்ணாடியாக வேண்டியதில் கூரிய உச்சங்கள் தெரிகின்றன

எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுப் படத்தில் படிகம் கூரிய உச்சங்களைத் தரும், கண்ணாடி தராது. அதில் ஸிஃப்-62இன் பழைய உச்சங்களே எஞ்சியிருந்தால் உருகல் முழுமையாகவில்லை, முதல் பகுதிக்குத் திரும்புங்கள். புதிய உச்சங்கள் வந்திருந்தால் அவற்றின் இடத்தைக் கவனியுங்கள். தாமிர எக்ஸ் கதிரில் 31.8, 34.4, 36.3 டிகிரிக் கோணங்களில் மூன்று உச்சங்கள் சேர்ந்து நின்றால் அது துத்தநாக ஆக்சைடு. காற்றோ ஈரமோ உள்ளே புகுந்து சட்டகத்தை உடைத்திருக்கிறது. அது இல்லாமல், வேறு கூரிய உச்சங்கள் இருந்தால் பென்சிமிடசோல் குறைந்த பகுதிகள் அடர்ந்த வேறொரு இமிடசோல் சட்டகமாக மீண்டும் படிகமாகியிருக்க வாய்ப்பு உண்டு. பென்சிமிடசோல் இல்லாத ஸிஃப்-4 அப்படித்தான் நடந்துகொள்கிறது: சூடேறும்போது உருக்குலைந்து, பின் அடர்ந்த படிகமாகித் திரும்பி, 590 டிகிரியைத் தாண்டியே உருகுகிறது. அந்த வெப்பத்தில் மில்-53 மிஞ்சாது.

பதித்த படிகத்தின் உச்சங்கள் காணாமல் போகின்றன

எல்லா அறிகுறிகளிலும் மிகக் கவனமாகப் படிக்க வேண்டியது இதுதான். வெவ்வேறு கட்டங்களில் நான்கு வெவ்வேறு காரணங்களால் இது நிகழலாம், இறுதிப் படம் நான்கிலும் ஒரே மாதிரி இருக்கும். ஒப்பீட்டு மாதிரிகளின் அருமை இங்கேதான் தெரியும்.

சூடாக்காத வில்லையிலேயே உச்சங்கள் இல்லையென்றால், உலைக்குப் போகும் முன்பே படிகம் நொறுங்கிவிட்டது. பந்துகள் உருண்டு அரைக்கும் ‘பால் மில்’ கருவியில் அரைப்பது பல சட்டகங்களுக்குப் பொறுக்காது. ஸிஃப்-62இன் உறவுச் சட்டகமான ஸிஃப்-8 அரை மணி நேர அரைவையிலேயே படிக ஒழுங்கை இழந்துவிடுகிறது, வலுவானதென்று பெயர்பெற்ற யுஐஓ-66 சட்டகம் கூட இதற்கு விதிவிலக்கல்ல. மில்-53 ஒப்பளவில் தாங்கும். ஆகவே படிகத்தை மாற்றும்போது பழைய அரைவை நேரத்தை அப்படியே எடுத்துச் செல்லாதீர்கள். இரண்டையும் தனித்தனியே நுண்மையாக்கி, கலப்பதை மட்டும் சில நிமிடங்களில் முடித்துக்கொள்வது பாதுகாப்பானது.

அரைத்த தூளில் உச்சங்கள் இருந்து, அழுத்திய வில்லையில் குறைந்திருந்தால், அழுத்தம்தான் காரணம். 13 மில்லிமீட்டர் விட்டமுள்ள வழக்கமான அச்சில் பத்து டன் சுமை ஏற்றினால் வில்லை உணர்வது ஏறத்தாழ 0.74 ஜிகாபாஸ்கல். ஸிஃப்-8 சட்டகம் 0.34 ஜிகாபாஸ்கலிலேயே மீளாத வகையில் உருக்குலையத் தொடங்கும் என்பது 2009 முதல் அறியப்பட்ட செய்தி. அழுத்தும் கருவியின் முள்ளில் டன் கணக்கைப் பார்த்துப் பழகிய கைக்கு இந்த இரு மடங்கு வேறுபாடு தெரிவதே இல்லை. சுமையைப் பரப்பால் வகுத்து, அழுத்தத்தை மெகாபாஸ்கலில் ஏட்டில் எழுதும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

வில்லையில் உச்சங்கள் இருந்து, சூடாக்கியபின் தனி மில்-53 ஒப்பீட்டு மாதிரியிலும் மறைந்திருந்தால், வெறும் வெப்பச் சிதைவு. தனி மாதிரி நன்றாக இருந்து கூட்டுப்பொருளில் மட்டும் மறைந்திருந்தால்தான் விஷயம் சுவையானது: திரவம் படிகத்தைக் கரைத்துவிட்டது. ஸிஃப்-8 தனியே உருகும் நிலையை அடைவதில்லை, அதற்கு முன்பே சிதைந்துவிடும். ஆனால் உருகிய ஸிஃப்-62இல் அது கரைந்து ஒன்றாகிவிடுகிறது என்று லூயிஸ் லாங்லி, பென்னட் ஆகியோர் 2019இல் வெளியிட்டார்கள். இரண்டுமே துத்தநாகமும் இமிடசோல் வகையும் சேர்ந்தவை என்பதால் பிணைப்புகள் இடம் மாறிக்கொள்வது எளிதாகிறது. அந்த ஆய்வில் அது விரும்பிச் செய்யப்பட்டது, கிடைத்த கண்ணாடியின் துளைத்தன்மையும் கூடியது. படிகமே வேண்டும் என்று நினைப்பவருக்கோ அது இழப்பு. உலையின் வெப்பநிலையைக் குறைத்துப் பார்ப்பதால் இது பெரும்பாலும் தீராது. ஊடகத்தின் வேதியியலிலிருந்து விலகிய படிகத்தைத் தேர்ந்தெடுப்பதே தீர்வு. அலுமினியம், ஆக்சிஜன் பிணைப்புள்ள மில்-53 ஸிஃப்-62க்குள் தப்பிப்பதற்கு இந்த வேறுபாடு ஒரு முக்கியக் காரணம்.

கரைந்ததா, சிதைந்ததா என்று ஐயம் தொடர்ந்தால் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தனிமங்களின் பரவலைப் படமாக எடுங்கள். மில்-53 அமைப்பில் துத்தநாகமும் அலுமினியமும் தெளிவான எல்லையோடு தனித்தனித் திட்டுகளாகத் தெரிய வேண்டும். எல்லை மங்கியிருந்தால் கலப்பு நடந்திருக்கிறது. கற்றை வலிமையாக இருந்தால் அதுவே சட்டகத்தைச் சிதைத்துவிடும் என்பதால், குறைந்த மின்னோட்டத்தில், ஒரு இடத்தை ஒருமுறை மட்டும் பாருங்கள்.

மில்-53 மூடிய வடிவத்துக்குத் திரும்பிவிடுகிறது

மில்-53 தன் துளைகளைத் திறந்து மூடும் சட்டகம். உயர் வெப்பத்தில் அதன் கால்வாய்கள் விரிந்திருக்கும். குளிர்ந்து காற்றிலுள்ள நீரை ஏற்றதும் அவை சப்பையாகச் சுருங்கும். ஹூ, பென்னட் குழுவின் 2019 ஆய்வின் சிறப்பே, 450 டிகிரியில் விரிந்த நிலையில் இருக்கும் படிகத்தைக் கண்ணாடி அப்படியே பிடித்து நிறுத்தி, அறை வெப்பநிலையிலும் விரிந்த வடிவத்தில் வைத்திருந்ததுதான். படத்தில் இதை அடையாளம் காண்பது எளிது. விரிந்த வடிவத்துக்கு 8.7, 10.6 டிகிரிக் கோணங்களை ஒட்டியும், நீரேறிச் சுருங்கிய வடிவத்துக்கு 9.3, 12.5 டிகிரியை ஒட்டியும் முதல் இரண்டு வலுவான உச்சங்கள் வரும்.

9.3இல் ஒரு உச்சம் தலைகாட்டினால், படிகங்களில் ஒரு பகுதியைக் கண்ணாடி பிடிக்கவில்லை என்று பொருள். அந்தப் பகுதி எங்கே இருக்கிறது? வில்லையின் மேற்பரப்பை நுண்மணல் தாளால் மெல்லத் தேய்த்து மீண்டும் படம் எடுங்கள். உச்சம் மறைந்தால், மேற்பரப்பில் ஒட்டியிருந்த தளர்வான துகள்கள்தான் காரணம், கவலையில்லை. மறையாவிட்டால் உள்ளேயும் கண்ணாடி சூழாத படிகத் திரள்கள் இருக்கின்றன: கலவை சீராக இல்லை, அல்லது படிகத்தின் பங்கு கண்ணாடி தாங்கும் அளவை மீறிவிட்டது. எவ்வளவு வரை தாங்கும் என்பதற்கு ஒரு மேல்வரம்பு உண்டு என்பதை ஆஷ்லிங் உள்ளிட்ட ஆய்வாளர்கள் பல இயைபுகளைத் தொடராகத் தயாரித்துக் காட்டினார்கள். உங்கள் துகள் அளவுக்கும் கலக்கும் முறைக்கும் அந்த வரம்பு எங்கே விழுகிறது என்பதை அதேபோல் ஒரு தொடர் செய்துதான் அறிய முடியும்.

இங்கே இரண்டு பொய்த் தோற்றங்கள் உண்டு. சூடாக்காத வில்லையில் சுருங்கிய வடிவம் தெரிவது குறையே அல்ல. சில பத்து மெகாபாஸ்கல் அழுத்தத்திலேயே மில்-53 சுருங்கிவிடும், உலையில் மீண்டும் விரியும். இரண்டாவது இன்னும் நுட்பமானது. நீர் சிறிதும் இல்லாத மில்-53 கூட, 150 கெல்வினுக்குக் கீழே குளிர்விக்கப்பட்டால் சுருங்கும், அப்படிச் சுருங்கியது அறை வெப்பநிலைக்கு வந்த பின்னும் சுருங்கியே இருக்கும், மீண்டும் விரிய 325 முதல் 375 கெல்வின் வரை சூடாக வேண்டும். திரவ நைட்ரஜனில் துளைப்பரப்பு அளந்து முடித்த மாதிரியை அப்படியே எக்ஸ் கதிருக்குக் கொண்டுபோய், ஈரம் புகுந்துவிட்டது என்று முடிவுக்கு வருபவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். அந்த மாதிரியை 120 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டுப் பிறகு படம் எடுங்கள்.

வாயு ஏற்பு எதிர்பார்த்ததைவிடக் குறைவு

எந்த வாயு, எந்த வெப்பநிலை என்று முதலில் கேளுங்கள். நைட்ரஜனை 77 கெல்வினில் செலுத்தி எதுவும் ஏறவில்லை என்றால், துளைகள் இல்லை என்று சொல்ல முடியாது. ஸிஃப்-62 கண்ணாடியின் துளைவாய்கள் குறுகியவை, அந்தக் குளிரில் நைட்ரஜன் அவற்றினூடே நகர்வது மிக மெதுவாக இருக்கும். கண்ணாடி சூழ்ந்த படிகம் எவ்வளவு துளைத்தன்மை கொண்டதாக இருந்தாலும், வாயு அதை அடையும் வழி அந்தக் கண்ணாடிதான். ஆகவே 273 கெல்வினில் கார்பன் டை ஆக்சைடைக் கொண்டு அளவிடுவதே பொருத்தம். அளவிடும் கருவியில், சமநிலை வந்துவிட்டது என்று முடிவெடுக்கத் தொழிற்சாலை வைத்திருக்கும் கால எல்லை தூள்களுக்கு ஏற்றது. அதைப் பல மடங்கு நீட்டுங்கள். ஏறும் கோடும் இறங்கும் கோடும் குறைந்த அழுத்தத்தில்கூட ஒன்றுசேராமல் விலகி நின்றால், சமநிலைக்கு நேரம் போதவில்லை என்ற ஐயமே முதலில் வர வேண்டும். அதே வில்லையின் பாதியை நொறுக்கி, பொடியாக மீண்டும் அளந்துபாருங்கள். ஏற்பு கூடினால் தடை பரவலில்தான் இருக்கிறது, கொள்ளளவில் இல்லை.

அடுத்து, எதிர்பார்ப்பு என்று வைத்திருக்கும் எண்ணைச் சரிபார்க்க வேண்டும். நான்கில் ஒரு பங்கு படிகமுள்ள கூட்டுப்பொருளுக்கு, கண்ணாடி ஏற்கும் அளவில் முக்கால் பங்கும் படிகம் ஏற்கும் அளவில் கால் பங்கும் கூட்டி எதிர்பார்ப்பைக் கணக்கிடுவது வழக்கம். இதில் கண்ணாடியின் எண்ணை உருக்காத ஸிஃப்-62 படிகத்திலிருந்தோ, மில்-53இன் எண்ணைச் சூடாக்காத தூளிலிருந்தோ எடுத்தால் கணக்கே பிழை. ஒப்பீட்டு மாதிரிகள் இரண்டிலிருந்தும் எடுங்கள். அவற்றிலும் மில்-53 எந்த வடிவத்தில் அளக்கப்பட்டது என்பதைப் பதிவுசெய்யுங்கள். சுருங்கிய வடிவம் குறைவாகவே ஏற்கும். கூட்டுப்பொருள் தன் உறுப்புகளின் கூட்டுத்தொகையைவிட அதிகம் ஏற்றால் அதை அளவீட்டுப் பிழை என்று ஒதுக்கிவிடவும் வேண்டாம். விரிந்த வடிவம் நிலைநிறுத்தப்பட்டதன் நேரடி விளைவாக அது இருக்கலாம்.

உயர் அழுத்தக் கருவி கிடைத்தால், இன்னொரு சோதனை மிகவும் பயனுள்ளது. தளர்வான மில்-53 தூள் அறை வெப்பநிலையில் கார்பன் டை ஆக்சைடைச் சிறிது ஏற்றதும் சுருங்கி, ஏறத்தாழ 5, 6 பார் அழுத்தத்தில் மீண்டும் விரியும்போது ஏற்புக் கோட்டில் ஒரு தெளிவான படி தெரியும். கண்ணாடி இறுகப் பிடித்த படிகத்தில் அந்தப் படிக்கு இடமில்லை. கூட்டுப்பொருளின் கோட்டிலும் அதே படி இருந்தால், எவ்வளவு உயரம் இருக்கிறதோ அந்த விகிதத்தில் படிகங்கள் தளர்ந்திருக்கின்றன.

இவையெல்லாம் சரியாக இருந்தும் ஏற்பு குறைந்தால், சிதைந்த இணைப்பு மூலக்கூறுகள் துளைகளுக்குள் ஒதுங்கி அடைத்திருக்கலாம். நிறம் கருத்த மாதிரிகளில் இது கூடவே வரும். நிறத்துக்குச் சொன்ன சோதனைகளையே இதற்கும் செய்யுங்கள்.

விரிசல், வாயு கசியும் மென்படலம்

கண்ணாடியும் படிகமும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. 320 டிகிரிக்கு மேல் கண்ணாடி இன்னும் நெகிழ்ந்து இழுவிசையைத் தளர்த்திக்கொள்ளும், அதற்குக் கீழே முடியாது. எனவே குளிர்விக்கும்போது அந்த வெப்பநிலையை ஒட்டிச் சிறிது நேரம் நிறுத்தி, பின் நிமிடத்துக்கு ஓரிரு டிகிரி என்ற வேகத்தில் இறக்குங்கள். ஸிஃப்-62 மீண்டும் படிகமாவதில் மிகவும் தயங்குவது என்பதால், இந்த நிதானத்தால் கண்ணாடி கெட்டுவிடாது.

அலுமினாத் தாங்கியின் மேல் போர்த்திய மென்படலத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்பதை நுண்ணோக்கியில் தேடுவதைவிட வாயுக்களைக் கேட்பது நல்லது. ஹைட்ரஜனையும் நைட்ரஜனையும் தனித்தனியே செலுத்துங்கள். ஊடுருவும் வேகங்களின் விகிதம் 3.7ஐ ஒட்டியும், ஹைட்ரஜனுக்கும் கார்பன் டை ஆக்சைடுக்கும் உள்ள விகிதம் 4.7ஐ ஒட்டியும் வந்தால், அவை மூலக்கூறு எடைகளின் வர்க்கமூல விகிதங்கள். வாயு சட்டகத்தின் துளைகளால் தெரிந்தெடுக்கப்படாமல், நுண்ணிய இடைவெளிகள் வழியே போகிறது. விகிதம் இதற்கும் கீழே இறங்கினால், இடைவெளிகள் பெரியவை. அப்போது வாயுவின் சராசரி அழுத்தத்தைக் கூட்டிப்பாருங்கள். ஓரலகு அழுத்த வேறுபாட்டுக்கான ஊடுருவல் அதோடு சேர்ந்து ஏறினால் விரிசல் உறுதி. அந்தப் படலத்தை, முதல் முறை உருக்கிய அதே வெப்பநிலைக்கு ஒருமுறை மட்டும் மீண்டும் கொண்டுபோய், மேலே சொன்ன வேகத்தில் இறக்கினால் மெல்லிய விரிசல்கள் ஒட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. இரண்டாவது முறையும் அதே விகிதம் வந்தால், தாங்கியின் மேற்பரப்பையே மெருகேற்றிப் புதிய படலம் போட வேண்டும்.